கம்பெனிக்கு மாத வக்கீல், நமக்கு?

(சலாலாவிலிருந்து ஒரு தோழர் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே சலாலாவில் இப்போ கரீஃப் சீசன். நம்ம குற்றாலச் சாரல் மாதிரி. அதைப் பார்க்க வளைகுடா முழுக்க இருந்து ஆட்கள் வர்றாங்க. அவங்களுக்குச் சமைச்சுப் போட்டு, ரூம் கூட்டிவிடுறது நம்ம மாதிரி ஆட்கள். நான் பேச வந்தது வக்கீலைப் பத்தி.

முன்னெல்லாம் வழக்கு வந்தாத்தான் கம்பெனி வக்கீலைத் தேடும். இப்போ வழக்கு வர்றதுக்கு முன்னாடியே மாதக் கட்டணம் கட்டி வெச்சிருக்காங்க. வேலை ஒப்பந்தம், எச்சரிக்கைக் கடிதம், கணக்கு முடிச்ச ரசீது, எல்லாத்துக்கும் தயார் மாதிரி இருக்கு. பேரை நிரப்பினா போதும். 2019-இல் ஓமன் அந்நிய முதலீட்டுச் சட்டத்தை மாத்தி, பெரும்பாலான தொழில்களில் முழு வெளிநாட்டு உடைமையை அனுமதிச்சது. அதுக்கப்புறம் இந்தச் சேவைக்குத் தேவையும் கூடுச்சு.

நம்ம பக்கம் என்ன நிலைமை? எங்க கேம்ப்ல ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர். 11 வருஷ வேலை. ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு அரபியில் ஒரு தாளை நீட்டினாங்க. விமான டிக்கெட் எதிரே இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டார். 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்'னு அதில் இருந்ததை ஊருக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டார். பணிக்கொடை வரவே இல்லை.

சட்டமே இல்லையா? இருக்கு. 2023-இல் வந்த தொழிலாளர் சட்டப்படி, வேலைசெய்த வருஷத்துக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. வேலையை விட்டு நீக்கினா 30 நாளைக்குள்ள தொழில் அமைச்சகத்தில் புகார் கொடுக்கணும். அங்கே சமரசம் ஆகலைன்னா கோர்ட். கோர்ட் கட்டணம் தொழிலாளிக்குக் கிடையாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாட்டியும், எந்தச் சான்றைக் காட்டியும் உரிமையை நிரூபிக்கலாம்.

இந்தக் கடைசி வரியைப் பிடிச்சுக்குங்க. சூப்பர்வைசர் போடுற வாட்ஸ்அப், ஓவர்டைம் எழுதின நோட்டு, பேங்க் மெசேஜ் எல்லாம் சான்றுதான். ஆனா போன் தொலைஞ்சா அதுவும் தொலைஞ்சுது. கம்பெனி முதல் நாளிலிருந்து ஃபைல் போடுது. நாம கடைசி நாள்ல தேடுறோம். பாதி தோல்வி அங்கேயே.

அதனால கம்பெனியோட முறையையே நாம எடுத்துக்குவோம். லண்டன்லயும் டொரண்டோவிலயும் இருக்கிற உங்ககிட்ட நான் கேட்கிறது மூணு. ஒண்ணு, ஒப்பந்தத்திலும் கணக்கு முடிக்கிற தாளிலும் வழக்கமா வர்ற அரபி வாசகங்களுக்கு எளிய தமிழில் ஒரு கையேடு. ரெண்டு, கையெழுத்துக்கு முன்னாடி போட்டோ அனுப்பினா அன்னிக்கே படிச்சுச் சொல்ல அரபி தெரிஞ்ச தோழர்களின் சுழற்சிப் பட்டியல். மூணு, ஒவ்வொரு தொழிலாளியும் தன் சான்றுகளைத் தன் பேர்லயே பத்திரப்படுத்தி வைக்கக் கத்துக்கொடுக்கிறது. எங்க தாள்களை நீங்க வாங்கி வெச்சுக்கக் கூடாது. வெளியே கசிஞ்சா வேலையும் விசாவும் போறது எங்களுக்குத்தான்.

இது வக்கீலுக்கு மாற்று ஆகாது. வழக்குன்னு வந்தா வக்கீல் வேணும். ஆனா அந்த அண்ணனுக்கு அன்னிக்குத் தேவைப்பட்டது கோர்ட் இல்லை. அந்தத் தாளைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள், ஒரு பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தை உங்கள்ல யார் தர்றீங்க?