பால் குடித்தால் வயிற்றெரிச்சல் அடங்குமா?



சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, வெறும் வயிற்றில் ஒரு வரக்கோப்பி, உடனே மரம் வெட்டு. வெயில் ஏறினால் மரத்தில் பால் குறைந்துவிடும், பசியாறுவது அப்புறம்தான். வயிறு எரிந்தால் அதற்குப் பெயர் 'கேஸ்ட்ரிக்'. கைமருந்து, ஒரு கிளாஸ் பால். காலையில் ரப்பர் பால், மாலையில் பசும்பால்! தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. பிள்ளைகள் புந்தோங்கிலும் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களிலும் குடியேறி, ஷிஃப்டு வேலைக்குப் போகிறார்கள். பால் வைத்தியம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இது படிக்காதவர்களின் பழக்கம் என்று ஒதுக்க முடியாது. 1915-இல் சிக்காகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி, குடல்புண்ணுக்கு மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் கொடுக்கும் முறையை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளிலேயே அது நடந்தது. ஆனால் 1976-இல் அமெரிக்க மருத்துவர்கள், நோயாளிகளுக்கும் நலமாக இருந்தவர்களுக்கும் 240 மில்லிலிட்டர் பால் கொடுத்து அளந்து பார்த்தார்கள். கொழுப்புள்ள பால், கொழுப்பு நீக்கிய பால் எல்லாமே அமிலத்தைக் கூட்டின.

ஏன் அப்படி? பால் இறங்கியதும் இருக்கிற அமிலத்தைச் சற்று நேரம் தணிக்கும். அந்தச் சுகம் பொய்யல்ல. பிறகு பாலின் புரதத்தை வயிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. இந்தத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 'ஜி' செல்கள் என்ற காவலாளிகள் உண்டு. பெப்டைடைக் கண்டதும், "சாப்பாடு வந்துவிட்டது" என்று காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. காஸ்ட்ரின் போய் ஹிஸ்டமினைக் கிளப்ப, ஹிஸ்டமின் அமிலம் சுரக்கும் செல்களைத் தட்டியெழுப்புகிறது. பாலிலுள்ள கால்சியமும் இதற்குத் துணை. வேடிக்கை என்னவென்றால், காஸ்ட்ரினும் ஒரு பெப்டைடுதான்.

அமிலம் அளவு மீறினால் பிரேக் போடவும் ஆளுண்டு. 'டி' செல்கள் சொமாட்டோஸ்டாட்டினைச் சுரந்து காஸ்ட்ரினை அடக்குகின்றன. உணவு சிறுகுடலுக்குள் நுழைந்ததும் அங்குள்ள ஹார்மோன்கள் வேலையை ஏற்கின்றன. அவற்றுள் செக்ரிட்டினை 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அமிலத்தை முறிக்கும் காரநீரைக் கணையத்திலிருந்து வரவழைப்பது அதுதான்.

நம்மவர் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியேறினால் அந்தப் பிரேக் தளர்ந்துவிடும். காஸ்ட்ரின் ஏறும், அமிலம் ஏறும், சிலருக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் புண்ணாகும். இந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலேசியாவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இந்தக் கிருமி அதிகம் என்பதைத்தான். பால் இதைக் கொல்லாது. வலியைக் கொஞ்ச நேரம் மறைத்து, கிளினிக் போகிற நாளைத் தள்ளிப்போடும். மூட்டுவலிக்கு மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

பாலைக் கைவிடச் சொல்லவில்லை, சத்துக்காகக் குடிக்கட்டும். ஆனால் வாரக்கணக்கில் எரிச்சல் தீராவிட்டால் கிருமிக்கான பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். வலி நின்றதும் பாதியில் விடக்கூடாது. மலம் தார் போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. இன்னொன்று: ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் போகுமுன் ஓமெப்ரசோல் மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் அதை நிறுத்தாமல் ஊதினால், கிருமி இருந்தும் இல்லையென்று வரக்கூடும்.