கடன் எழுதும் முன் விசாவைப் பார்ப்போம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



விசா பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வக்கீல் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவ. ஆனால் கடன் குழுவில் இருப்பதால் "வெளிநாடு செல்ல" என்று எழுதி வருகிற மனுக்களை எல்லாம் பார்க்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை சாய்ந்த பிறகு இந்த மனு ரொம்பக் கூடிப்போச்சு. புதுக் கன்று வைத்துக் காய் பறிக்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் யார் சோறு போடுவா? ஆம்பளைங்க கிளம்பத்தான் செய்வாங்க. எந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு கிளம்புறாங்கன்னு நாம பார்க்கணும். தவணை கட்டப் போறது நாமதானே.

முதலில் பாஸ்போர்ட். பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று வரும். குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியவர் என்று அர்த்தம். அது குற்றம் குறை எதுவும் இல்லை, நல்லதுக்குத்தான் வச்சிருக்காங்க. துபாய், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா என்று மொத்தம் 18 நாட்டுக்கு இவங்க வேலைக்குப் போகணும்னா, 1983ஆம் வருஷச் சட்டப்படி அரசாங்கத்தின் அனுமதி வாங்கணும். அதுக்கு வேலை ஒப்பந்தம் காட்டணும், இன்சூரன்ஸ் போடணும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் அதுக்கு வரியும்தான். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் வரைக்கும் உண்டு. நம்ம வீட்டு ஆள் பனிரெண்டு மாடி மேல நின்னு கம்பி கட்டுறவர். இந்த 275 ரூபாயை விடலாமா?

ஆனால் சுற்றிப் பார்க்கப் போறேன்னு விசிட் விசாவில் போனால் இந்த அனுமதி தேவையில்லை. ஏஜெண்டுகள் நுழைகிற ஓட்டை இதுதான். ஒப்பந்தம் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, எந்தக் கம்பெனிக்குப் போறார்னு எந்தப் பதிவும் இல்லை.

எங்க வீட்டிலேயே நடந்தது. என் கொழுந்தனார் எட்டாவது படிச்சவர். பக்கத்து டவுன்ல ஒரு ஏஜெண்டு 90,000 ரூபாய் வாங்கிக்கிட்டு, 2024 ஜனவரியில் துபாய்க்கு அனுப்பினார். கம்பெனி வேலை, சாப்பாடு, ரூம் எல்லாம் உண்டு என்று பேச்சு. காகிதம் கைக்கு வந்ததே கிளம்புகிற அன்னிக்கு. 60 நாள் விசிட். "ஏர்போர்ட்ல கேட்டா சொந்தக்காரரைப் பார்க்கப் போறேன்னு சொல்லு, அங்க போய் மாத்திக்கலாம்" என்றாராம். மாத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு முதலாளி வேலை கொடுத்து, அவர் பெயரில் விசா எடுத்தால் சட்டப்படியே மாத்தலாம். அந்த முதலாளி யாருங்கிறதுதான் கேள்வி. அப்படி ஒருத்தரே இல்லை. விசிட் விசாவில் வேலை பார்த்தால் அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். நாள் முடிந்தும் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். மார்ச்சில் முடிந்தது. ஆறு மாசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு கூலி வேலை. அபராதம் மட்டும் 9,000 திர்ஹாம், நம்ம காசுக்கு இரண்டு லட்சம். கட்டாமல் திரும்பவும் முடியாது. அந்த செப்டம்பரில் அந்த நாட்டு அரசாங்கம் பொது மன்னிப்பு கொடுத்ததால் அபராதம் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார். அதுக்கு முந்தி 2018இலும் கொடுத்தாங்க. வருஷா வருஷம் வருகிற பொங்கல் பரிசு இல்லை அது.

அந்த ஆறு மாசமும் என் ஓரகத்தி நூறு நாள் வேலைக்குப் போய்த் தவணை கட்டினாள். ஒரு தவணைகூடத் தவறவில்லை. நம்ம குழுக் கணக்கில் அது நல்ல கணக்கு. அவள் காதில் கிடந்தது போனது எந்த நோட்டிலும் வராது.

இப்போ காசு விஷயம். லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு நம்மகிட்ட வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதுக்கு ஜி.எஸ்.டி. தனி. ரசீது கொடுக்கணும். அமீரகத்தில் 2021ஆம் வருஷத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது. லைசென்ஸ் உண்டா இல்லையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். நம்ம பிள்ளைங்க போனில் ரெண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பாங்க. "நான் பெரிய ஏஜெண்டோட ஆள்" என்று டீக்கடையில் காசு வாங்குகிறவருக்கு லைசென்ஸ் கிடையாது.

பொம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. ஓமன்ல வீட்டு வேலை, குவைத்தில் பிள்ளை பார்க்கிற வேலை என்று கூப்பிடுறாங்க. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண், நர்ஸ் தவிர, இந்த 18 நாட்டுக்கு வேலைக்குப் போக 30 வயசு முடிஞ்சிருக்கணும். தனியார் ஏஜெண்டு அனுப்பவே கூடாது. அரசாங்க நிறுவனம் வழியாகத்தான் போகணும். நமக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. 26 வயசுப் பிள்ளையை "விசிட்ல அனுப்புறேன்"னு யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிடுங்க. நான் பட்டுன்னு சொல்றேன், கோபிக்காதீங்க.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கிட்டா என்ன செய்யறதுன்னு போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து. அதை முதலாளி பிடிச்சு வைக்கிறது அமீரகத்திலும் சட்டவிரோதம்தான். ஆனாலும் நடக்குது. அதனால் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூணுக்கும் நகல் நம்ம வீட்டில் இருக்கணும். தூதரகத்துக்குப் புகார் எழுதணும்னா முதலில் கேட்பது அந்த நம்பர்தான்.

இன்னொரு கேள்வி, துபாயில் பிறக்கிற பேத்திக்கு அந்த ஊர்க் குடியுரிமை கிடைக்குமா என்று. கிடைக்காது. அங்கே பிறந்ததாலேயே வராது. அப்பா, அம்மா இந்தியக் குடிமக்கள் என்றால் பிள்ளையும் இந்தியக் குடியுரிமை பெறும். ஆனால் பிறந்து ஒரு வருஷத்துக்குள் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு பண்ணணும். தாண்டிப்போனால் மத்திய அரசாங்கத்தின் அனுமதி கேட்டு அலையணும். பெயர் வைக்கிற விசேஷத்தை அப்புறம் வச்சுக்கலாம்.

சிங்கப்பூர் மாப்பிள்ளை "பி.ஆர்." என்றால் அவர் அந்த ஊர்க் குடிமகன் இல்லை. அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். குடிமகனாகவே இருந்தாலும், தாலி கட்டினதும் நம்ம பெண்ணுக்குக் குடியுரிமை தானா வராது. அங்கே குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போயிடும். நம்ம நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. ஓ.சி.ஐ. அட்டை வாங்கி வந்து போகலாம், ஓட்டுப் போட முடியாது. அப்பா வழி வயல் வந்து சேரும், புதுசா வயல் விலைக்கு வாங்க முடியாது. பெண் பார்க்க வரும்போதே இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

கடன் குழுவில் ஒரு தீர்மானம் வைக்கப் போறோம். "வெளிநாடு செல்ல" என்று மனு வந்தால் விசா நகல், ஒப்பந்த நகல், ஏஜெண்டு லைசென்ஸ் நம்பர் மூணும் சேர்த்துக் கொடுக்கணும். விசாவில் இருக்கிற ஆங்கிலம் புரியவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எடுத்துக்கிட்டு வாங்க. நான் இருப்பேன். பாஸ்போர்ட்டையும் கொண்டு வாங்க.