உடைந்த வளையலில் எழுந்த பெண்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டுல வளையல் உடைஞ்சா பெருக்கி எடுத்துக் குப்பையில போடுவோம். அந்தத் துண்டுகளையே சேலையாகக் கட்டிக்கொண்டு, சண்டிகர் நகரத்தில் பெண் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் ராக் கார்டன்.

அதைச் செய்தவர் நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். சாலை ஆய்வாளராக அரசு வேலை. சிற்பம் படித்தவர் இல்லை. புது நகரம் கட்டுவதற்காகச் சண்டிகரில் பல கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாட்டில் கிடந்ததையும், ஊரார் தூக்கிப் போட்டதையும் சைக்கிளில் கொண்டுவந்து காட்டுக்குள் சேர்த்தார். வேலை முடிந்ததும் போய், யாருக்கும் தெரியாமல் சுமார் 18 வருஷம் சிலை செய்தார்.

பழைய கம்பியும் சைக்கிள் சட்டமும்தான் சிலைக்கு எலும்பு. அதன்மேல் சிமெண்ட் கலவை. காயும் முன்னே வளையல் துண்டு, பீங்கான் சில்லு எல்லாம் பதிப்பார். அவ்வளவுதான் செய்முறை.

1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அரசு நிலம், அனுமதி கிடையாது, இடித்திருக்கலாம். ஆனால் பார்க்க வந்த ஜனங்க அதை விட மனசில்லாம நின்னாங்க. 1976-ல் பூங்காவாகத் திறந்தார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிறகு ஒரு சமயம், சாலை போட புல்டோசர் வந்தபோது மக்கள் கைகோர்த்துச் சங்கிலியாக நின்று காப்பாற்றினார்கள். ஒருத்தர் கட்டியதை ஊரே சேர்ந்து காத்தது.

சகோதரிகளே, உடைஞ்ச வளையல் வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லி வளர்ந்தவங்க நாம. கணவர் போய்ட்டா வளையலை உடைச்சு, அந்தப் பெண்ணையும் மூலையில உட்கார வைக்கிற வழக்கம் இன்னும் முழுசா ஒழியலை. நம்ம குழுவுல அவங்க கணக்கு எழுதுறாங்க, வங்கிக்குப் போறாங்க, கடன் தவணையை நாள் தவறாம கட்டுறாங்க. ஆனா விழா மேடையில குத்துவிளக்கு ஏத்தக் கூப்பிட்டா மட்டும் பின்னால ஒதுங்கிடறாங்க. அவங்களா ஒதுங்கலை, நாம பழக்கி வச்சிருக்கோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் முதல் திரியை அப்படி ஒதுங்கி நிற்கும் சகோதரியின் கையால் ஏற்றுவோம். யாராவது முணுமுணுத்தா, நாமும் கைகோர்த்து நிற்போம்.