புலுட் கஞ்சியும் அத்தையின் மாத்திரையும்



சென்ற ஆண்டு என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், காலை மாத்திரையை நிறுத்திவிட்டார். 12 ஆண்டுகளாக இனிப்புநீர் உள்ளவர். "கறுப்பரிசி சாப்பிட்டால் மருந்தே வேண்டாமாம்" என்று கைப்பேசிக்கு வந்த செய்தியை நம்பி, தினமும் புலுட் ஹீத்தாம் கஞ்சி! மூன்றாம் வாரம் கிளினிக்கில் இரத்த அளவைப் பார்த்த தாதி பதறிவிட்டார். அந்தக் கறுப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? நான் படித்தது தொடர்புத் துறை. வேதியியல் எனக்கும் புதிதுதான்.

உமிக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தோலில்தான் நிறம் உருவாகிறது. தோட்டத்தில் ரப்பர் பால் காடி, உருளை, புகைக்கூடு என்று ஒவ்வோர் இடமாகப் போகுமே, அப்படித்தான் இங்கே நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. முதல் நொதி, ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவைக் கழற்றுகிறது. மேலும் இரண்டு படிகள் கடந்ததும், சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி மூன்று மெலோனைல் துண்டுகளை அதனுடன் இணைத்து மஞ்சள் நிறச் சால்கோனை உண்டாக்குகிறது. பிளேவனாய்டுகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவையே. கறுப்பரிசியில் அது சயனிடின் வரை சென்று, இறுதியில் ஒரு குளுக்கோஸை ஒட்டிக்கொள்கிறது. ஆம், சர்க்கரையேதான்!

அப்படியானால் நம் வெள்ளை அரிசி? காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. அந்த நொதிகளை வேலைக்கு அழைக்கும் கங்காணி, ஆர்சி என்ற மரபணு. அதில் 14 எழுத்துகள் உதிர்ந்துபோனதால் ஆலை நின்றுவிட்டது. வெள்ளை அரிசி வகைகளில் நூற்றுக்கு 97க்கும் மேல் இதே உதிர்வு இருப்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. கறுப்பரிசிக்கு வேறொரு கங்காணி, காலா4. அதை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

ஆனால் இத்தனையும் தோலில் நடப்பவை. உள்ளே இருப்பது மாவுச்சத்துதான். அதிலும் புலுட்டில் ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின். எளிதில் குளுக்கோஸாக உடைவது. போதாததற்குக் குலா மலாக்காவும் தேங்காய்ப்பாலும் வேறு! நிறப்பொருள் சோதனைக்குழாயில் செய்வதெல்லாம் உடலில் நடந்துவிடாது. குடல் அதில் மிகச் சிறிதளவையே அப்படியே ஏற்கிறது.

அத்தை இப்போது மாத்திரையை விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக் கிண்ணம் கஞ்சி. அரிசி ஊறிய தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து, அது சிவப்பதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்.