கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பலர் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநர் களைத்த வேளையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தே தொழில் பழகுகின்றனர். கைப்பழக்கம் வந்துவிடும், உரிமம் வாராது. உரிமமின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுச் சுமை லாரி உரிமையாளர் மீது விழக்கூடும். ஓட்டியவரோ நீதிமன்றப் படியேற நேரிடும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி லாரி ஓட்ட 20 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே கனரகப் பழகுநர் உரிமம் கிடைக்கும். இக்காத்திருப்பு வீணன்று.

தொப்பூர் கணவாய்ச் சரிவை எண்ணிப் பார்ப்போம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கினால் எஞ்சினின் பிடி விலகும். பிரேக் சூடேறிச் செயலிழக்கும். தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்பதை முறையான பயிற்சியே மனத்தில் பதிக்கும். அதிக பாரமோ ஆபத்தைப் பெருக்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றிற்கும் மேலும் 2,000 ரூபாய்.

எனவே, நமது கல்வி உதவி நிதியில் ஓட்டுநர் பயிற்சிக் கட்டணத்தையும் சேர்க்குமாறு நிர்வாகத்தை வேண்டுகிறோம். பிள்ளை பத்திரமாக வீடு திரும்புவதே குடும்பத்தின் முதல் வருமானம்.