ஒலியும் பொருளும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



திருக்கோயில் மணி கணகணவென ஒலிக்கின்றது. வேள்விக் குண்டத்துத் தீயும் கணகணவென எரிகின்றது. காய்ச்சலுற்ற குழவியின் மேனியும் கணகணவெனக் கொதிக்கின்றது. சொல் ஒன்று, பொருள் மூன்று. முதலதைச் செவி அறியும். அடுத்ததைக் கண் அறியும். இறுதியதைத் தொட்ட கையே அறியும்.

இத்தகைய சொற்களை இரட்டைக்கிளவி என்றார் தொல்காப்பியனார். இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றும் பற்றி இவை வரும் என்பர் உரையாசிரியர். பிரித்துரைப்பின் பொருள் தாரா என்பதே இவற்றின் இலக்கணம்.

புளியந்தோப்பில் வாழ்வார்க்கு இதனை ஏடு விரித்துக் கற்பிக்க வேண்டுவதில்லை. 1856 ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதற் பயணியர் புகைவண்டி புறப்பட்ட இராயபுரம் இதன் அண்மையில் உள்ளது. வண்டி கடகடவென ஓடும்; சிறுவன் பாடத்தைக் கடகடவென ஒப்பிப்பான்; உழைத்துக் களைத்தவன் நீரைக் கடகடவெனக் குடிப்பான். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் தறிகள் தடதடவென இயங்கின. 1996 ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. தறியின் தடதடப்பு ஒழிந்தது. தொழிலாளர் நெஞ்சின் படபடப்போ ஒழிந்திலது. அதனைக் கேட்கும் செவி யாது?

சேரமான் பெருமாள் நாயனார்க்குக் கழறிற்றறிவார் என்பது திருப்பெயர். எவ்வுயிர் எதனைக் கழறினும் அதன் கருத்தை அறியும் பேற்றை இறைவன் அவர்க்கு அருளினான். முடிசூடி யானைமேல் உலா வந்த அந்நாளில், உவர்மண் படிந்து மேனி வெளுத்த ஆடை வெளுப்பார் ஒருவர் எதிரே வந்தார். அவ்வெண்மை திருநீற்றுக் கோலத்தை நினைப்பித்தது. அரசர் யானையினின்று இழிந்து அவரை வணங்கினார். நாள்தோறும் பூசை முடிவில் கூத்தப்பிரானது திருச்சிலம்பொலியைக் கேட்கும் பேறு அவர்க்கே வாய்த்தது. உயிர்களின் குரலை அறிந்த செவியன்றோ சிலம்பொலியையும் கேட்டது!

அன்பர்களே! திருப்பணிக்கு வாரி வழங்கிய கைகள் புண்ணியம் செய்தவை. அக்கைகளுக்கு இன்னும் ஒரு பணி உண்டு. கோயில் மணியின் கணகண ஒலிக்குக் குவிகின்ற கை, அடுத்த இல்லத்துக் குழவியின் கணகணக்கும் நெற்றியையும் தொட்டறிதல் வேண்டும். மருந்துக்கு வழியில்லையாயின் உதவுதல் வேண்டும். சிவபத்தியும் உயிர்க்கிரக்கமும் இரட்டைக்கிளவி போல்வன. பிரித்தால் இரண்டும் பொருளிழக்கும்.

திருச்சிற்றம்பலம்