பெயர் மாறினால் கடன் மாறுமா?



அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே! அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதாகும். கடனை அவ்வளவு பாரதூரமாகக் கருதும் மார்க்கத்தில் இருந்துகொண்டு நம்மில் சிலர் செய்வதைப் பாருங்கள். புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்கெடுத்தவர் மீது புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு வைக்கப்படுகின்றது. தீர்ப்பு வருமுன் அவர் தமது வீட்டை மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிடுகின்றார். குடியிருப்பவரும் அவரே, வாடகை பெறுபவரும் அவரே. மாறியது பெயர் மட்டுமே.

இதனைச் சாமர்த்தியம் என எண்ண வேண்டாம். நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில் ‘போலியன் வழக்கு’ என்றொரு பரிகாரம் உண்டு. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கில் எழுதப்பட்ட உறுதியை அதன் மூலம் நீதிமன்றம் செல்லாததாக்கலாம். விலை கொடுத்து வாங்கியவராயின், அவரும் மோசடியை அறிந்திருந்தார் என நிரூபிக்க வேண்டும். இனாமாகப் பெற்றவராயின், அவர் அறியாதிருந்தாலும் சொத்துத் தப்பாது.

நீதிமன்றத்தில் தப்பினாலும் மறுமையில் தப்ப முடியுமா? வேறு வழியில் அடைக்க நம்பிக்கையில்லாத கடனுக்குத் தேவையான பொருளை ஸதகா செய்வதும் ஹராம் என்பதே மிகச் சரியான கருத்து என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் கூறுகின்றார்கள். ஏழைக்குக் கொடுப்பதே கூடாதெனில், மகனின் பெயரில் ஒளித்து வைப்பது எங்ஙனம் கூடும்?

இளைஞர்களே! நன்கொடையைப் பெறுபவர் அதனை ஏற்றுக்கொண்டால்தான் அது நிறைவுறும். அந்த ஏற்பு உங்களுடையது. வாப்பாவுக்குக் கட்டுப்படுவது கடமை. ஆனால் பாவத்தில் எவருக்கும் கட்டுப்படுதல் இல்லை. “வாப்பா, கடனை அடைத்துவிட்டு மிஞ்சுவதைத் தாருங்கள்” என்று பணிவோடு சொல்லுங்கள்.

பெற்றோர்களே! உண்மையாகவே கையில் இல்லாதவர் அஞ்ச வேண்டியதில்லை. சிரமப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறு அல்லாஹுத் தஆலா (2:280) பணிக்கின்றான். கணக்கைத் திறந்து காட்டித் தவணை கேளுங்கள். முஆத் (ரழி) அவர்களின் கடனுக்காக நபி (ஸல்) அவர்கள் அன்னாரின் சொத்தை விற்றதாக அறிவிக்கப்படுகின்றது. அதனால் அவரது மதிப்புக் குறையவில்லை. நபியவர்கள் அவரையே யமன் நாட்டுக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். சொத்தை இழந்தவர் மீண்டும் தேடிக்கொள்ளலாம். பிறர் ஹக்கைப் பிள்ளையின் தலையில் சுமத்திச் சென்றவர் கப்றிலிருந்து திரும்பி வந்து அதனை இறக்க முடியாது.

கடன்களை நிறைவேற்றிய நிலையில் நம் உயிர்களை அல்லாஹ் கைப்பற்றுவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.